அட்டை அறுக்க ஒரு கத்தி

எங்களுக்குப் பழைய அட்டைப்பெட்டி வியாபாரம். திருப்பூர்ல மில்லுலருந்து நூல் கோன் வர்ற பெட்டி, பட்டன் ஜிப்பு எலாஸ்டிக் வர்ற பெட்டி, இதெல்லாம் கம்பெனில காலியானதும் மொத்தமா எடுத்துட்டு வந்து நல்லதைத் தனியா கிழிஞ்சதைத் தனியா பிரிச்சு, சைஸ் குறைக்க வேண்டியதைக் குறைச்சு, சின்ன பனியன் யூனிட்டுக்கும் கொரியர்ல துணி அனுப்புறவங்களுக்கும் விப்போம். கிழிஞ்சது கிலோ கணக்குல மறுபடி பேப்பர் மில்லுக்கே போயிடும். அப்பா ஆரம்பிச்ச கடை, இப்ப நான் பாத்துக்கறேன்.

சைஸ் குறைக்கிறதுன்னா என்னன்னு சொல்லிடறேன், ஏன்னா கத்தி விஷயம் முழுக்க அதுலதான் இருக்கு. 20 இன்ச் நீளம், 16 இன்ச் அகலம், 20 இன்ச் உயரத்துல ஒரு பெட்டி இருக்குன்னு வைங்க, கேட்டு வந்தவருக்கு உயரம் 12 போதும். மேல இருக்கற பழைய மூடி நாலையும் சுத்தி அறுத்து எடுத்துடணும், அப்புறம் நாலு மூலையையும் மேலருந்து கீழ 8 இன்ச் அறுத்து எறக்கணும், 12 இன்ச் உயரத்துல சுத்தி ஒரு கோடு அழுத்தி உள்பக்கமா மடிச்சா அந்த 8 இன்ச்சே புது மூடியாயிடும், அகலம் 16ங்கறதால ரெண்டு மூடியும் நடுவுல சரியா வந்து சேந்துக்கும். கணக்குப் போட்டுப் பாத்தா ஒரு பெட்டிக்குக் கிட்டத்தட்ட 9 அடி அறுப்பு. ஒரு நாளைக்கு 60 பெட்டின்னா 500 அடிக்கு மேல. இதை எங்ககிட்ட 11 வருஷமா செய்யறது ஒரு அக்கா. கத்தி அவங்க கைக்குத்தான். இதை நான் கத்தி வாங்க ஆரம்பிச்சப்பவே புரிஞ்சுக்கிட்டிருந்தா நாலு மாசம் மிச்சமாயிருக்கும்.

அதுக்கு முன்னாடி இருந்தது அப்பா செஞ்ச கத்தி. லேத் பட்டறையில இரும்பு ராடு அறுக்கற பவர் ஆக்சா பிளேடு உடைஞ்சு கெடந்ததை வாங்கி, பல்லை அரைச்சு எடுத்துட்டு, ஒரு பக்கம் கூர் வச்சு, பிடிக்குக் கயிறு சுத்தி மேல சைக்கிள் டியூப் மாட்டினது. வாங்கறப்ப ஒண்ணேகால் இன்ச் அகலம் இருந்ததாம், தீட்டித் தீட்டி அரை இன்ச்சா தேஞ்சு போயிடுச்சு. போன ஆடியில ஒரு நாள் அஞ்சு பிளை பெட்டி, அதான் அஞ்சு தாள் அடுக்கு ஒட்டுன தடிமனான பெட்டி மூலையில பக்கவாட்டுல லேசா திருகுனதும் பிஸ்கட்டு மாதிரி ரெண்டா உடைஞ்சுது. அக்கா கொஞ்ச நேரம் அந்த ரெண்டு துண்டையும் கையில வச்சுப் பாத்துட்டே நின்னாங்க.

மறுநாள் கட்டர் வாங்கிக் குடுத்தேன், அதான் தள்ளுனா பிளேடு வெளிய வர்ற, நுனி மழுங்குனா ஒடிச்சுப் போடற கட்டர். அந்த யோசனை மேல எனக்கு மரியாதை உண்டு. ஜப்பான்ல ஒசாகாவுல 1956ல யோஷியோ ஒகாடான்னு ஒருத்தர் கண்டுபிடிச்சது அது, உடைஞ்ச கண்ணாடித் துண்டோட கூரையும் சாக்லேட் கட்டியில கட்டம் கட்டமா ஒடிக்கறதையும் சேத்து யோசிச்சு செஞ்சாராம், ஓல்ஃபாங்கற பேருக்கே ஜப்பான் மொழியில ஒடிக்கற பிளேடுன்னுதான் அர்த்தம். மூணு பிளை அட்டைக்கும் டேப்புக்கும் அதைவிட லேசான சாமான் இல்ல. ஆனா ஒடியணும்னே செஞ்ச பிளேடு, அஞ்சு பிளையில பக்கத்துல அழுத்தம் வந்தா நம்ம சொல்லாமலே ஒடியும். நான் வாங்கிக் குடுத்த கட்டர்ல மூணாவது நாளே அப்படி ஒடிஞ்சு ஒரு துண்டு அக்கா கன்னத்துல பட்டுச்சு. நல்லவேளை கண்ணுல படல. இன்னொரு துண்டு எங்க போச்சுன்னே தெரியல. அன்னிக்கு அறுத்த பெட்டியெல்லாம் குழந்தைங்க துணி தைக்கற யூனிட்டுக்குப் போகணும். எக்ஸ்போர்ட் கம்பெனில தையல் ஊசி ஒண்ணு உடைஞ்சாக்கூட எல்லாத் துண்டும் கிடைக்கற வரைக்கும் அந்த மிஷினை ஓட்ட விடமாட்டாங்க, துணியை நீடில் டிடெக்டர்ல, அதான் ஊசித் துண்டு கண்டுபிடிக்கற மிஷின்ல விட்டுத்தான் பேக் பண்ணுவாங்க. நான் அன்னிக்கு 40 பெட்டியையும் திரும்பப் பிரிச்சு காந்தம் வச்சுத் தடவிப் பாத்தேன். துண்டு கிடைச்சது தரையில, கூட்டுன குப்பையில. அன்னியோட முடிவு பண்ணிட்டேன், ஒடியற பிளேடு வேணாம், நீட்டற மடக்கற சமாச்சாரமே வேணாம், பிடியும் பிளேடும் ஒண்ணா நிக்கற கத்திதான் வேணும்னு.

அப்பத்தான் தப்பு பண்ணேன். கத்தின்னதும் ஸ்ட்ராங்கா இருக்கணும்னு நெனச்சு, காட்டுக்கு கேம்பிங் போறவங்களுக்குன்னு விக்கற கனமான கத்தி ஒண்ணு ஆன்லைன்ல வாங்கிட்டேன். முதுகு 5 மில்லிமீட்டர் தடிமன், கருப்பு கோட்டிங், முதுகு மேல ரம்பப் பல்லு வேற. அக்கா ஒரு மூலை அறுத்துப் பாத்துட்டு மேஜை மேல வச்சாங்க.

"அம்மிணி, இது கத்தியில்ல. உளியாட்டம் இருக்குது."

கூர் இருந்துச்சு. நானே பேப்பரை அறுத்துப் பாத்தேன், சர்ருனு போச்சு. ஆனா அட்டைக்குள்ள அரை இன்ச் போனதும் நின்னுடுது, பலம் போட்டுத் தள்ளுனா அட்டை அறுபடல, முனகிக்கிட்டே கிழியுது. ஏன்னு யோசிச்சுட்டே ரெண்டு நாள் போச்சு. அப்புறம்தான் தடிமன் அளக்கற வெர்னியர் எடுத்து அளந்து பாத்தேன், அதுவும் முதுகை இல்ல, வாய்லருந்து, அதான் அறுக்கற கூர் ஓரத்துலருந்து, சரியா ஒரு மில்லிமீட்டர் மேல. அந்தப் புதுக் கத்தி அந்த இடத்துல 1.1 மில்லிமீட்டர். அப்பாவோட உடைஞ்ச கத்தித் துண்டு அதே இடத்துல 0.4. விஷயம் அதுல இருக்கு.

தக்காளியை அறுத்தா ரெண்டு பாதியும் விலகிக் கத்திக்கு வழி விட்டுடும். அட்டை விலகாது. மேல ஒரு விறைப்பான தாள், கீழ ஒண்ணு, நடுவுல நெளி நெளியா மடிச்ச தாள், எல்லாத்தையும் ஸ்டார்ச் பசை போட்டு ஒட்டியிருக்கு. அஞ்சு பிளைன்னா நெளி ரெண்டு அடுக்கு, என் வெர்னியர்ல ஆறரை மில்லிமீட்டர். வாய் அறுத்துட்டுப் போனதும் அந்த அறுத்த பொளவு கத்தியோட ரெண்டு கன்னத்தையும் இறுக்கிப் பிடிச்சுக்குது. கன்னம் தடிமனா இருந்தா ஆப்பு அடிக்கற மாதிரி அட்டையைப் பிளந்துக்கிட்டே போகணும், நம்ம போடற பலத்துல நெறைய அந்த உரசலுக்கே போயிடும். எவ்வளவு கூர் வச்சாலும் இது மாறாது. அதனால யாராவது அட்டைக்குக் கத்தி வாங்கப் போறேன்னு கேட்டா நான் முதல்ல கேக்கறது ஸ்டீல் என்னங்கறது இல்ல, வாய்க்குப் பின்னால எவ்வளவு மெலிசுங்கறதுதான். அரை மில்லிமீட்டருக்குள்ள இருந்தா நல்லது. முதுகு ரெண்டு மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டியதே இல்ல.

அப்ப சமையல் கத்தி போதுமேன்னு தோணும். போதும்தான், ஒரு நாளைக்கு அஞ்சு பெட்டி அறுக்கறவங்களுக்கு. சின்ன காய்கறிக் கத்தி மெலிசு, அட்டையில வெண்ணெய்ல போற மாதிரி போகும். ஆனா ரெண்டு சங்கடம். ஒண்ணு, அதுங்க ஸ்டீல் பெரும்பாலும் கொஞ்சம் மிருது, அஞ்சாறு பெட்டியில வாய் மடிஞ்சுடும். இன்னொண்ணுதான் எனக்குப் பயம், பிடிக்கும் பிளேடுக்கும் நடுவுல தடுப்பே கெடையாது. அட்டையில ஸ்டேப்ளர் பின் இருக்கும், பெட்டி ஒட்டுன ஓரத்துல தடிமன் ரெட்டிப்பாகும், அங்க கத்தி டக்குனு நிக்கும். கத்தி நின்னுடும், கை நிக்காது. வேர்த்த கை பிடியில வழுக்கி முன்னால போயி ஆள்காட்டி விரல் வாய் மேல ஏறும். அக்கா வலது கை ஆள்காட்டி விரல்ல ரெண்டாவது கணுவுக்குக் கீழ குறுக்கா ஒரு பழைய தழும்பு இருக்கு. எதுனால வந்ததுன்னு நான் ரொம்ப நாளா கேட்டதே இல்ல. இந்தக் கத்தி தேடலுக்கு நடுவுலதான் கேட்டேன், அப்பாவோட கத்தினாலதானாம், சேந்த ரெண்டாவது வருஷத்துல. "உங்கப்பாகிட்ட சொல்லல அம்மிணி, கத்தியைப் பிடுங்கிட்டு வேற வேலைக்கு மாத்திடுவாருன்னு"ன்னாங்க. அதைக் கேட்ட அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல.

அதுக்கப்புறம் தெரிஞ்ச கொல்லுப் பட்டறைக்குப் போனேன். அவரு லாரி ஸ்பிரிங் பட்டையில அருவா அடிக்கறவரு, நல்ல கை. 2 மில்லிமீட்டர்ல கத்தி வேணும்னேன். அவ்வளவு மெலிசா அடிச்சு துவைச்சல் போட்டா, அதான் பதம் ஏத்தச் சூடாக்கித் தண்ணில முக்குனா, தண்ணில முங்குன ஒடனே கோணிக்கும்னு சொல்லி 3 மில்லிமீட்டர்ல அடிச்சுக் குடுத்தாரு. அவரு சொன்னது சரிதான், மெலிசு பிளேடைச் சூடேத்தி டக்குனு குளிர வச்சா வளைஞ்சு போறது எங்கயும் உள்ள பிரச்சினை. அந்தக் கத்தி இப்ப ஸ்ட்ராப் அறுக்க, பழைய பெட்டிக் கட்டுல கயிறு அறுக்க, நூல் மூட்டை பிரிக்க ஆகுது, சொன்ன வேலையைச் செய்யுது, முறியவே முறியாது. அட்டைக்கு மட்டும் இல்ல.

சொந்தக்காரப் பையன் ஒருத்தன் ட்ரெக்கிங் போறவன், அவங்கிட்ட ஸ்வீடன்ல மோராங்கற ஊர்ல செய்யற கத்தி இருந்துச்சு, கம்பேனியன்னு மாடல் பேரு. பிளேடு 10.4 சென்டிமீட்டர், தடிமன் 2.5 மில்லிமீட்டர், மொத்தமே கைக்குக் கனம் தெரியாத அளவுக்கு லேசு. அதைக் கையில வாங்குனதும் நான் பாத்தது பிளேடை இல்ல, பிடியைத்தான். நடுவுல புடைச்சு ரெண்டு பக்கமும் ஒடுங்கி, முன்னால விரலுக்கு ஒரு சின்ன தடுப்பு, மேல ரப்பர் மாதிரி ஒரு பிடிப்பு. கண்ணை மூடிட்டுப் பிடிச்சாலும் வாய் எந்தப் பக்கம் இருக்குன்னு கைக்குத் தெரியுது, ஏன்னா பிடி உருண்டையா இல்லாம முட்டை வடிவத்துல இருக்கு. ஒண்ணே ஒண்ணு வாங்கி வீட்ல வச்சுக்கணும், அட்டையும் அறுக்கணும் கட்டையும் சீவணும்னா இந்த ஜாதிக் கத்திதான் நான் சொல்லுவேன். அக்கா அதை வச்சு பத்துப் பெட்டி அறுத்தாங்க, மொகம் தெளிஞ்சுது. "பிடி பெருசு, ஆனா இந்த முன்னால இருக்கற மேடு வேணும்"னாங்க. அவங்க கை சின்னக் கை, பெருவிரலும் நடுவிரலும் பிடியைச் சுத்தி வந்து தொட்டுக்கல.

அப்புறம்தான் அப்பாவோட வழிக்கே திரும்பினேன். பவர் ஆக்சா பிளேடு ஹெச்எஸ்எஸ், அதான் ஹை ஸ்பீட் ஸ்டீல், டங்ஸ்டன் மாலிப்டினம் கலந்தது. மில்லுல தயாராகி வர்றப்பவே பதம் போட்டது, நம்ம துவைச்சல் எதுவும் போட வேண்டியதில்ல. கிரைண்டர்ல அரைக்கும்போது சாதா இரும்பு நீலம் பாரிச்சு பதம் எறங்கிப் போகும்ல, இது 500, 600 டிகிரி சூடு வரைக்கும் தாங்கும். ஒண்ணரை, ரெண்டு மில்லிமீட்டர்ல மெலிசாவே கிடைக்குது. ஆனா இப்ப வர்றதுல ஒரு சூது இருக்கு, லேத் பட்டறை அண்ணாதான் சொன்னாரு. சில பிளேடுல பல்லு இருக்கற ஓரம் மட்டும்தான் ஹெச்எஸ்எஸ், மீதி முதுகு பூரா மிருதுவான ஸ்டீல், ரெண்டையும் ஒட்டி செஞ்சிருப்பாங்க. தெரியாம பல்லையெல்லாம் அரைச்சுத் தள்ளிட்டா மிச்சம் இருக்கறது வெறும் தகடு. அரத்தை எடுத்து மூணு இடத்துல தேச்சுக் காட்டுனாரு. கண்ணாடி மேல தேச்ச மாதிரி வழுக்கிட்டுப் போனா நல்ல ஸ்டீல், கறக் கறக்னு பிடிச்சுத் தூள் வந்தா மிருது.

பிடி போடறதுதான் கஷ்டம். ஆணி அடிக்க ஓட்டை போடலாம்னா ட்ரில் பிட்டே அதே ஹெச்எஸ்எஸ், அது எப்படி இதைத் துளைக்கும். அதனால ரெண்டு பக்கமும் வேப்பங்கட்டை வச்சு எப்பாக்ஸி போட்டு ஒட்டி மேல பருத்திக் கயிறு இறுக்கிச் சுத்தறதுன்னு முடிவாச்சு. அளவுக்கு நான் ஒண்ணு செஞ்சேன். வீட்லருந்து சப்பாத்தி மாவு கொஞ்சம் கெட்டியாப் பிசைஞ்சு கொண்டுபோயி, கூர் வைக்காத பிளேடு மேல அப்பி, அக்காவை அறுக்கற மாதிரியே இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். விரல் பதிஞ்ச பள்ளம் நாலும், உள்ளங்கை மேடும், பெருவிரல் முதுகு மேல போயி உக்காந்த இடமும் அப்படியே வந்துடுச்சு. நூல் சுத்தி அளந்தா 9.5 சென்டிமீட்டர். அண்ணா அந்த மாவை ஒரு நாள் காய வச்சு அதைப் பாத்துக் கட்டையைச் செதுக்குனாரு, முன்னால விரல் தடுப்புக்குக் கட்டையிலயே ஒரு மேடு விட்டு.

பிளேடு நீளம் 9 சென்டிமீட்டர் போதும்னு வச்சோம். அதுக்கு மேல நீளம் போனா முனை பெட்டிக்குள்ள எங்க இருக்குன்னு கைக்குத் தெரியாது, உள்ள சரக்கு இருந்தா கீறிடும், இல்லன்னா தொடையில வந்து நிக்கும். வாய் முனை வரைக்கும் நேரா வச்சு முதுகைத்தான் வளைச்சு எறக்கினோம், முனை குத்தற மாதிரி இல்லாம. அட்டையில வேலை பூரா முன்னால ஒரு இன்ச்சுலதான் நடக்குது, வாய் மேல நோக்கி வளைஞ்சிருந்தா அந்த இடம் அட்டையை விட்டு வழுக்குது. முதுகை உருட்டி மழமழன்னு எமரி போட்டுத் தேச்சோம், அது ஏன்னா மடிப்புக் கோடு அழுத்தறது முதுகாலதான். முதுகு ஓரம் கூரா இருந்தா மேல் தாள் கிழிஞ்சு மூடி நாலே தடவையில பிஞ்சுடும். இப்படி ஒரு தேவை இருக்குங்கறதே கடையில விக்கற எந்தக் கத்தியைச் செஞ்சவருக்கும் தோணாது, ஏன் தோணணும், அவங்க பெட்டி சைஸ் குறைக்கறவங்க இல்லியே.

ஸ்டீல் பத்தி சொல்லாம விட்டா குறையா இருக்கும். அட்டை அளவுக்குக் கத்தியைத் தின்னற பொருள் குறைவு. பழைய பேப்பரைத்தான் கூழாக்கித் திரும்ப அட்டை பண்றாங்க, அதுல மண்ணு, களிமண் பூச்சு, சுண்ணாம்புத் தூள், நசுங்கின பின்னு எல்லாம் கலந்து வரும். எமரித் தாளை அறுக்கற மாதிரிதான். இங்கிலாந்துல ஷெஃபீல்டுல காட்ரான்னு ஒரு கத்தி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, கத்தி எவ்வளவு நேரம் கூர் தாங்குதுன்னு மிஷின் வச்சு டெஸ்ட் பண்ணுவாங்க, அந்த டெஸ்ட்டுல அறுக்கறதே 5 சதவீதம் மணல் துகள் கலந்த அட்டைத் தாளைத்தான். ஹெச்எஸ்எஸ், டி2ன்னு சொல்ற டூல் ஸ்டீல் மாதிரி ஸ்டீல்ல கடினமான கார்பைடு துகள் நெறைய இருக்கறதால அந்த உரசலைத் தாங்கும், ஆனா தீட்ட நேரமாகும். சாதா கார்பன் ஸ்டீல் சீக்கிரம் மழுங்கும், ரெண்டு நிமிஷத்துல தீட்டிடலாம். எது வேணும்ங்கறது தீட்டற ஆளைப் பொறுத்தது. தடிமனான டி2 கத்தியும் மெலிசான சாதா ஸ்டீல் கத்தியும் பக்கத்துல வச்சா நான் கண்ணை மூடிட்டு மெலிசைத்தான் எடுப்பேன்.

தீட்டறதுல ஒரு விஷயம் எங்கப்பா சொல்லிக் குடுத்தது. கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணக் கூடாது. கருப்பு கார்பரண்டம் கல்லு ரெண்டு பக்கம் இருக்கும்ல, சொரசொரப்பு பக்கத்துல நல்லா வாய் எடுத்துட்டு, நைஸ் பக்கத்துல ஒரு நாலு இழுப்பு மட்டும் இழுத்து பிசிறை எடுத்துட்டா போதும். கண்ணுக்குத் தெரியாத பல்லு மாதிரி நிக்கும், அதுதான் அட்டையோட மேல் தாளைக் கடிச்சுப் பிடிக்கும். ரொம்ப வழவழப்பா தீட்டுனா மேல் தாள்லயே வழுக்கும். கோணம் கையில வரலைன்னா பேப்பர் மூலையை ரெண்டு தடவை பாதி பாதியா மடிங்க, 90, 45, அப்புறம் 22.5 டிகிரி, அதைவிடக் கொஞ்சம் படுத்தாப்புல பிடிச்சா சரியா இருக்கும். நடுவுல மழுங்குனா பீங்கான் காப்பி கப்பைக் கவுத்து அடியில பளபளப்பு இல்லாத வளையத்துல பத்து இழுப்பு. டேப்பு பசை பிளேடுல ஒட்டிக்கிட்டாலும் கத்தி மழுங்கின மாதிரியே இழுக்கும், தீட்டறதுக்கு முன்னாடி தேங்கா எண்ணெய் தொட்டுத் துடைச்சுப் பாருங்க, பல நாள் அதோட சரியாயிடும்.

அறுக்கற விதத்தையும் அக்காகிட்டதான் கத்துக்கிட்டேன். பெட்டியில நெளி மேலருந்து கீழ நிக்கற மாதிரிதான் வரும், அடுக்கினா பாரம் தாங்கணும்ல. மூலை அறுக்கறப்ப கத்தி நெளியோட போகுது, லேசா போகும், ஆனா நெளிப் பள்ளத்துல விழுந்து தானா ஒரு பக்கம் ஓடும். அங்க அக்கா கத்தியை ரொம்பப் படுக்க வச்சு அகலத்தைப் பூரா அட்டைக்குள்ள விட்டு இழுப்பாங்க, கோடு நேரா வரும். மூடி அறுக்கறப்ப நெளிக்குக் குறுக்கால போகணும், அங்க கத்தியை நிமித்தி முன்னால அரை இன்ச் மட்டும் விட்டு ரெண்டு இழுப்பா அறுப்பாங்க, முதல் இழுப்பு மேல் தாளுக்கு, ரெண்டாவது மிச்சத்துக்கு. ஒரே இழுப்புல பலம் போட்டு அறுத்துப் பாத்ததே இல்ல. இடது கை எப்பவும் கத்திக்குப் பின்னாலதான்.

உறைக்கு பிவிசி பைப்பைச் சூடு காட்டித் தட்டையாக்கி ஒரு துண்டு செஞ்சு இடுப்புல மாட்டற மாதிரி குடுத்திருக்கோம், பிடிக் கயித்துக்கு சிவப்புச் சாயம். அட்டைக் குவியல்ல பழுப்பு நெறக் கத்தி விழுந்தா கண்ணுக்குத் தெரியாது, தெரியாம ஒரு பெட்டிக்குள்ள போயி இன்னொருத்தர் கையை விட்டுத் துழாவுனா என்ன ஆகும்னு நெனச்சாலே எனக்கு வயித்தைக் கலக்கும். சாயந்தரம் கத்தி உறையில இருக்கான்னு பாக்காம ஷட்டரை எறக்கறதில்ல.

இப்ப மூணு மாசமாச்சு. சனிக்கிழமை சனிக்கிழமை நானே தீட்டிக் குடுக்கறேன். போன வாரம் தீட்டி நீட்டுனப்ப அக்கா பிடியைக் கையில உருட்டிப் பாத்துட்டு, "நல்லாத்தான் இருக்குது அம்மிணி, முன்னால இந்த மேடு மட்டும் ஒரு நூல் கொறைச்சிருக்கலாம், விரலு நீட்டி வச்சா இடிக்குது"ன்னாங்க. மூணு மாசமா ஏங்க்கா சொல்லலைன்னு கேட்டேன். சிரிச்சுட்டு அடுத்த பெட்டியை எடுத்துட்டாங்க. லேத் பட்டறை அண்ணாகிட்ட இன்னொரு பிளேடு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன், ஞாயித்துக்கெழமை அக்காவையும் கூட்டிட்டுப் போறேன், மாவும் பிசைஞ்சு எடுத்துக்கணும்.